செவலைக்கு ஃபேட் கூடிய கோடை

சகாயமேரி. சகாயக்கா. உன் பெயரை வாய்விட்டுக் கூப்பிட்டு முப்பது நாள் ஆகப்போகிறது. வீட்டில் யாரும் கூப்பிடுவதில்லை. அம்மா "அவ" என்கிறாள். அப்பா "மூத்தது" என்கிறார். நான் கூப்பிடப் போனால் அழுகை முந்திக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன்.

கூட வளர்ந்தவர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மலையாளத்து மலையில், சக்குபள்ளத்துக்கு மேலே ஏலத்தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருந்தோம். இப்போது நீங்கள் மூணாறு ஓட்டல்களிலும் திருப்பூர் கம்பெனிகளிலும் கட்டிக்கொடுத்த ஊர்களிலும் இருக்கிறீர்கள். அக்காவின் அடக்கத்துக்குப் பலர் வந்தீர்கள், என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது நம் லயத்து அத்தை எனக்குப் பின்னால் நடந்தபடி இன்னொருத்தியிடம் சொன்னாள்.

"நல்ல புள்ளதான், பாவம். அந்தச் சென மாட்டப் பட்டினி போட்டுக் கொன்னுச்சு பாரு, அது ஒண்ணுதான் அது பண்ணின பாவம். அதயும் ஆண்டவரு மன்னிச்சிருப்பாரு."

பதின்மூன்று வருஷம் ஆகியும் அந்தப் பேச்சு போகவில்லை. அப்பாவுக்கும் அது கேட்டது. அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். நான் அவருக்கு ஒரு கை தூரத்தில் நடந்துகொண்டிருந்தேன். 

அக்கா அந்த மாட்டைப் பட்டினி போடவில்லை. நடந்ததைக் கூட இருந்து பார்த்தவள் இப்போது நான் ஒருத்திதான்.

எங்களிடம் இருந்தது ஒரே மாடு. செவலை நிறம், அதனால் செவலை. லயத்துக்குப் பின்னால் பழைய தார்ப்பாயும் ஏலக்காய் உலர்த்துகிற தட்டின் தகரமும் போட்டு அப்பா கட்டிய கொட்டிலில் நின்றது. முதல் ஈற்றில் பார்க்கச் சகிக்காது. விலா எலும்பு தெரியும், இடுப்பு எலும்பு இரண்டும் குடைக்கம்பிபோல் தோலைத் தூக்கிக்கொண்டு நிற்கும், வால் முளைக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் குழி விழுந்திருக்கும். மழை பெய்தால் அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும் என்று நீங்கள் சிரித்தீர்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அந்த அத்தை ஒருநாள் எல்லாரும் குழாயடியில் நிற்கும்போது அப்பாவைக் கேட்டாள்.

"ஏண்ணே, மாடு வளக்குறியளா, ஆர்மோனியப் பொட்டி வளக்குறியளா? விலாவுல வெரல வச்சா பாட்டு வரும் போலயே."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்து கையில் இருந்த குடத்தை வைத்த வேகத்தில் அது நெளிந்துபோனது. அந்த நெளிவோடேயே அந்தக் குடம் ரொம்ப காலம் எங்கள் வீட்டில் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பிறகு வருவது புரியாது. அப்பா காலையில் பால் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோவார். அங்கே மெஷினில் பாலை விட்டுப் பார்த்து மலையாளத்துச் சேட்டன் ஒருத்தர் ஒரே ஒரு வார்த்தை சொல்லுவார். "ஃபேட் குறவா" என்றால் அன்றைக்கு அப்பா வாயே திறக்க மாட்டார். "ஃபேட் கூடி" என்றால் வரும்போதே பாட்டுச் சத்தம் ஏற்றத்தில் கேட்கும், எனக்கு ஒரு பன் இருக்கும். ஃபேட் என்றால் பாலில் இருக்கிற கொழுப்பு என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அது ஒரு நல்ல வார்த்தை. ஏறக்குறைய 'ஸ்தோத்திரம்' மாதிரி.

செவலை அடுத்த சினை பிடித்ததும் அப்பா சொன்னார்: "இந்தத் தடவ ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. பாக்குறவுக கண்ணு பட்டுப் போகணும்."

அதிலிருந்து வீடு முழுக்க மாட்டுக்கு ஊட்டியது. கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, சோற்றுக்கஞ்சி, கம்பத்திலிருந்து லாரியில் வருகிற வைக்கோல், தோட்டத்து ஓரத்துப் புல். அம்மா எங்களுக்கு உலை வைக்கும் முன் அதற்கு வைப்பாள். சாப்பிடுகிற பிஸ்கட்டில் கடைசித் துண்டு அதற்கு என்று எனக்கு ஒரு சட்டம் இருந்தது. கோடை தொடங்கும்போது, கன்று போட இரண்டு மாசம் இருக்கிறது என்று பால் கறப்பதை நிறுத்தினோம். அப்போதே செவலையின் எலும்பு ஒன்றும் தெரியவில்லை. வால் பக்கத்துக் குழி நிரம்பி, அந்த இடத்தில் தோல் மேடாக உருண்டுவிட்டது. தடவினால் கை வழுக்கும். அத்தையே வந்து பார்த்துவிட்டு, "ஆத்தி, ஆர்மோனியத்துக்கு மெத்த தச்சுப் போட்டுட்டாகளே" என்றாள். அப்பா அன்றைக்கு இரண்டு தடவை அதைப் பெருமையாகச் சொன்னார்.

அந்தக் கோடையில் மாடு அக்கா பொறுப்பில் இருந்தது. அவள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். நான் லயத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம். அக்கா ஒருத்திதான் எங்கள் வீட்டில் மலையாளப் பள்ளிக்கூடம் போனவள். ரேஷன் கடைத் தாள், ஆஸ்பத்திரிச் சீட்டு, கரண்ட் ஆபீஸ் கடிதம் எல்லாவற்றையும் அவள்தான் படித்துச் சொல்லுவாள். உங்கள் வீட்டுத் தாள்களையும் அவள் படித்திருக்கிறாள். அப்பா அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்.

"செவல நல்லபடியாக் கன்னு போடட்டும். பால் சொசைட்டிக்குப் போச்சுன்னா நீ பிளஸ் ஒன்னுக்குப் போ. இல்லாட்டி ஆத்தாகூடக் காய் எடுக்கப் போகவேண்டியதுதான்."

அக்கா காலையில் கொட்டிலுக்குப் போனதும் முதலில் சிலுவை போட்டுக்கொள்வாள். அது மாட்டுக்கா, பிளஸ் ஒன்னுக்கா என்று நான் கேலி பண்ணுவேன். "ரெண்டும் ஒண்ணுதாண்டி" என்பாள்.

மிருகாசுபத்திரி டாக்டரம்மா வந்தது அப்போதுதான். சின்ன வயசு, புதிதாக வந்தவர். தோட்டத்து மாடுகளுக்கெல்லாம் ஊசி போட ஜீப்பில் வந்தார். செவலைக்கு ஊசி போட்ட பிறகு, பின்னால் போய் நின்று கொஞ்ச நேரம் சும்மா பார்த்தார். பிறகு வால் அடியில் கையை வைத்து அழுத்தினார். இடுப்பு எலும்பைத் தேடி அழுத்தினார். விலா மேல் விரலை ஓட்டினார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்த பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஃபேட் கூடிப் போயல்லோ, சேட்டா" என்றார் டாக்டரம்மா. "நாலர."

அப்பாவுக்குக் கடை மலையாளம் நன்றாகத் தெரியும். முகம் மலர்ந்துவிட்டது. "அஞ்சுக்கா மேடம்?"

"அதெ. அஞ்சில் நாலர."

"ஏத்தா, கேட்டியளா! அஞ்சுக்கு நாலரை! நம்ம வம்சத்துலயே ஒருத்தரும் இப்பிடி மார்க்கு வாங்குனதில்ல." டாக்டரம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தார். அப்பா அதற்குள் வாழைத்தார் ஒன்று வெட்டிக்கொடுக்கக் கீழே ஓடிவிட்டார்.

மிச்சத்தை டாக்டரம்மா அக்காவிடம் சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் கையால் காட்டியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அக்காவின் கையைப் பிடித்து முஷ்டி மடக்கச் சொன்னார். முஷ்டியின் மேல் எலும்பை அவள் இன்னொரு கை விரலால் தடவ வைத்தார். மாட்டின் விலா இப்படி இருந்தால் இளைப்பு. பிறகு கையை விரித்து, உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதையைத் தடவ வைத்தார். இப்படி எலும்பே தட்டுப்படாமல் இருந்தால் கொழுப்பு அதிகம். கடைசியில் விரித்த கையின் புறங்கை. எலும்பு இருப்பது தெரிய வேண்டும், ஆனால் கண்ணுக்குத் துருத்தக் கூடாது. அதுதான் சரி. அஞ்சு மார்க் என்பது அஞ்சு அளவு, மூன்று மூன்றரைதான் வேண்டும். இதற்குமேல் ஏற விடாதே, புண்ணாக்கும் கஞ்சியும் நிறுத்து, புல்லும் வைக்கோலும் வயிறு நிறையக் கொடு, பட்டினி மட்டும் போட்டுவிடாதே, கன்று போட்டதும் என்னைக் கூப்பிடு. இவ்வளவும் சொன்னாராம். இதை அக்கா பிறகு எனக்குச் சொன்னாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் அப்பாவிடம் சொன்னபோது அவர் லயம் முழுக்க நாலரை மார்க்கைச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"அப்பா, 'கூடிப் போயல்லோ'ன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லப்பா. அளவு தாண்டிப் போச்சுன்னு சொல்றாங்க."

"கூடுனா கூடுனதுதான். கூடுறது எப்பிடிடி கெட்டதாகும்? சொசைட்டில கூடலன்னுதான அந்தாளு என்னய மொறைக்கான்."

"அது பால்ல உள்ள ஃபேட்டு. இது மாட்டு ஒடம்புல."

"மாட்டுல இல்லாம பால்ல எங்கருந்து வரும்? மானத்துல இருந்தா?"

அம்மா சிரித்துவிட்டாள். நானும். அக்காவுக்குக் கோபத்தில் மூக்கு சிவந்துவிட்டது. "என்னய விடுங்க. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேளுங்க."

"நாலு எழுத்து மலையாளம் படிச்சுட்டு எனக்கே அர்த்தம் சொல்லுறியாக்கும். நான் ஏங் காதால கேட்டேன்."

அதோடு முடிந்தது. அப்பா போன் போடவில்லை. அன்றைக்கு யாராவது ஒரு ஆள் அந்த ஒரு வார்த்தையை அவருக்கு விளக்கியிருந்தால்? இன்றைக்கும் படுத்தால் இதுதான் ஓடுகிறது. லயத்தில் அத்தனை பேர் இருந்தோம்.

அக்கா தானாகவே குறைத்தாள். அப்பாவும் அம்மாவும் ஏழு மணிக்கு வேலைக்குப் போகும்வரை புண்ணாக்கு வாளி மாட்டுக்கு முன்னால் இருக்கும். அவர்கள் தலை ஏற்றத்தில் மறைந்ததும் அக்கா அதை எடுத்துச் சாக்கில் திரும்பக் கொட்டிவிடுவாள். பதிலுக்குப் புல்லுக்கட்டு இரண்டு அறுத்து வந்து போடுவாள். செவலையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்து ரோட்டில் கொஞ்ச தூரம் நடத்திவிட்டு வருவாள். என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "ஆருகிட்டயும் சொல்லாத. கன்னு நல்லாப் பொறந்துட்டா அப்பாவே சிரிப்பாரு."

ஆனால் அத்தை வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த ஒருநாள், சுவருக்கு மேலாகப் பார்த்துவிட்டாள். மாட்டின் வாய்க்கு முன்னால் இருந்த கஞ்சியை அக்கா எடுத்துச் சாக்கடையில் ஊற்றுவதை. அன்றைக்கு வீட்டில் நடந்தது உங்களுக்குக் கேட்டிருக்கும். அம்மா அழுதாள். "மாசமா இருக்குற சீவனடி அது. வாயிருந்தா கேக்கும். நீ நாளைக்கு ஒரு புள்ள சுமக்க மாட்டியா?" அப்பா அடித்தார். அவர் அதற்குமுன் அக்காவை அடித்ததில்லை. அக்கா கன்னத்தைப் பொத்திக்கொண்டு, "டாக்டரம்மா சொன்னாங்கப்பா, டாக்டரம்மா சொன்னாங்கப்பா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா சொன்னதைத்தான் அப்பாவும் செய்துகொண்டிருந்தார், அவர் காதில் விழுந்தபடி.

மறுநாளும் அக்கா வாளியை எடுத்தாள். கொஞ்சம் ஜாக்கிரதையாக, சுவர்ப் பக்கம் சாக்கைத் தொங்கவிட்டு.

இனிமேல் சொல்வது என் விஷயம்.

எனக்குப் பத்து வயசு. அக்காவிடம் செய்த சத்தியத்தை நான் மீறவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் செவலை என்னைப் பார்த்துக் கத்தும். வாளி இருந்த இடத்தை நக்கும். நக்கிவிட்டு என்னைப் பார்க்கும். மத்தியானம் அக்கா துணி துவைக்க ஓடைக்குப் போவாள். அந்த நேரத்தில் நான் சாக்கைத் திறந்து, அவள் காலையில் திரும்பக் கொட்டியதை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். பலா பழுக்கிற காலம் வேறு. தோட்டத்தில் கீழே விழுந்து வெடித்த பழத்தைப் பிளந்து சுளை சுளையாக ஊட்டினேன். செவலை என் மணிக்கட்டுவரை நக்கும். அந்த நாக்கின் சொரசொரப்பு இப்போதும் தோலில் இருக்கிறது. அக்கா மனசும் நோகக் கூடாது, செவலையும் பசியில் இருக்கக் கூடாது, இரண்டுக்கும் நான் வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அக்கா தினமும் காலையில் விலாவை அழுத்திப் பார்ப்பாள். பிறகு தன் உள்ளங்கையை அழுத்திப் பார்ப்பாள். "ஏண்டி, இத்தன நாளா கொறைக்கேன், இது என்னடி கூடிக்கிட்டே போகுது? காத்தக் குடிச்சே கொழுக்குதா?"

"கர்த்தரு ஊட்டுறாரு போல" என்றேன். அவள் சிரித்தாள். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

மழை பிடித்த மூன்றாம் நாள் காலையில் செவலைக்கு வலி கண்டது. மத்தியானம்வரை முக்கியது. கன்று பெரியது, வழி குறுகிவிட்டது. நம் லயத்து ஆம்பளைகள் நாலு பேர் கயிறு கட்டி இழுத்தார்கள். கன்று வெளியே வந்தபோது உயிர் இல்லை. கிடாரிக் கன்று. நெற்றியில் மட்டும் வெள்ளை. அப்பா அதன் மூக்கில் வாயை வைத்து ஊதிக்கொண்டே இருந்தார். ஒருத்தர் அவர் தோளைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

செவலை இரண்டாம் நாள் எழுந்து நின்றது. ஆனால் தின்னவில்லை. புண்ணாக்கை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பியது. அக்கா டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். ரோட்டில் மண் சரிந்து கிடந்ததால் வேறு டாக்டரும் உடனே வர முடியவில்லை. ஒவ்வொரு நாளும் செவலை நம் கண்ணுக்கு முன்னால் கரைந்தது. இத்தனை மாசம் ஏற்றியது பத்துப் பதினைந்து நாளில் இறங்கிவிட்டது. இடுப்பு எலும்பு வந்தது. வால் பக்கத்துக் குழி வந்தது. விலா எலும்பு ஒன்றொன்றாக வந்தது.

அதன் மூச்சில் ஒரு வாசனை வந்தது. இனிப்பாக, பழம் அழுகினால் வருமே, அப்படி. எனக்கு உயிரே போய்விட்டது. நான் ஊட்டிய பலாச்சுளைதான் இன்னும் வயிற்றுக்குள் கிடந்து நாறுகிறது, யாராவது மோந்து பார்த்தால் மாட்டிக்கொள்வேன் என்று நினைத்தேன். யாரும் இல்லாத நேரம் பார்த்து, சொம்பில் தண்ணீர் கொண்டுபோய், உப்பு வைத்து அதன் வாயைக் கழுவிவிட்டேன். அது தலையைத் தூக்கக்கூட முடியாமல் என் கைக்கு வாயைக் கொடுத்துக்கொண்டு நின்றது. கொழுத்த மாடு கன்று போட்டுத் தின்னாமல் கிடந்தால், தன் கொழுப்பையே கரைத்துக் கரைத்து ஈரல் கெட்டுப்போகும், அப்போது மூச்சு அப்படித்தான் இனிக்கும் என்பது எனக்கு இப்போது தெரியும். அப்போது நான் என் திருட்டைக் கழுவினேன்.

ரோடு திறந்ததும் வேறொரு டாக்டர் வந்தார், வயசானவர். செவலை அப்போது படுத்துவிட்டது. அப்பா மழைக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு, அதன் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்தார், வாயை மோந்தார், பாட்டில் மருந்து ஏற்றினார். பிறகு நிமிர்ந்து, "ஆரா தீற்ற கொடுத்தது?" என்று கேட்டார். தீனி கொடுத்தது யார் என்று. கூடி நின்ற அத்தனை பேரும் அக்காவைக் கை காட்டினார்கள். நீங்களும் இருந்தீர்கள்.

டாக்டர் அவளைப் பார்த்துச் சொன்னார்: "இத்ரேம் தடிப்பிக்கான் பாடில்லாயிருந்நு."

எனக்கு அப்போது அர்த்தம் தெரியாது. ஆனால் அந்தச் சத்தம் பாட்டு மாதிரி மனசில் நின்றுவிட்டது. பல வருஷம் கழித்து, ஏலக்காய் ஸ்டோரில் மலையாளப் பெண்களோடு காய் தரம் பிரிக்கும்போது ஒருத்தி தன் பிள்ளையைப் பற்றி 'தடிச்சு' என்று சொன்னாள். கொழுத்துப்போனான் என்று. என் கையில் இருந்த முறம் நழுவியது. டாக்டர் அன்றைக்குச் சொன்னது: இவ்வளவு கொழுக்க வைத்திருக்கக் கூடாது.

அப்பா அக்காவைப் பார்த்தார். "என்ன சொல்றாரு?"

அக்கா மூலையில் இருந்த புண்ணாக்குச் சாக்கைப் பார்த்தாள். அவள் கணக்குப்படி அது பாதிக்குமேல் இருந்திருக்க வேண்டும். அடியில் இரண்டு கை அளவுதான் கிடந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். என் மூஞ்சியில் எல்லாம் எழுதியிருந்திருக்கும்.

"என்னத்தா சொல்றாரு? வாயத் தொறந்து சொல்லு."

"தீனி குடுத்ததுல தப்பு நடந்துபோச்சாம்ப்பா."

"ஆரு குடுத்தது?"

"நாந்தான்."

அவ்வளவுதான் சொன்னாள். கூடிப்போச்சு என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் கடை மலையாளத்துக்குமேல் அந்த மொழி தெரிந்தவள் அவள் ஒருத்தி, அவள் எதைச் சொல்கிறாளோ அதுதான் டாக்டர் சொன்னது. யாரைக் காப்பாற்றினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என்னையா, இல்லை, மடியில் மாட்டுத் தலையோடு மழையில் உட்கார்ந்திருந்தவரிடம் "நீங்கதாம்ப்பா ஊட்டிக் கொன்னீங்க" என்று சொல்ல மனசு வரவில்லையா. நான் ஊட்டாமல் இருந்திருந்தால் பிழைத்திருக்குமா என்றும் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

செவலை மறுநாள் செத்தது. எல்லாரும் பார்க்க வந்தார்கள். அந்த உடம்பைப் பார்த்தவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? எலும்பும் தோலுமாகக் கிடந்தது. "எண்ணிப் பாருங்க, அத்தன எலும்பும் தெரியுது" என்றாள் அத்தை. "நான் அன்னைக்கே சொன்னேன், கஞ்சியச் சாக்கடையில ஊத்துறான்னு." அதற்குமேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை.

அக்கா பத்தாம் வகுப்பில் நல்ல மார்க்கில் பாஸாகியிருந்தாள். அதை யாருக்கும் சொல்லவில்லை. பிளஸ் ஒன் பேச்சை அப்பாவும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. கஞ்சிக்கோடு என்கிற ஊரில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சித்தி ஊருக்கு வந்தபோது அவளோடு கிளம்பிவிட்டாள். பஸ் ஏறும்போது நான் ஏதோ சொல்ல வந்தேன். "மூக்கத் தொடைடி" என்றாள். பஸ் போய்விட்டது.

பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்தாள். மூன்று நாள் இருப்பாள். கொட்டில் இருந்த இடத்தில் அப்பா கோழிக்கூடு வைத்திருந்தார், அந்தப் பக்கம் போக மாட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் எல்லாப் பேச்சும் இருந்தது, அது ஒன்று மட்டும் இல்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸும் நினைத்தேன்.

போன மாசம் காய்ச்சல் என்று போன் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றாள். இரண்டு நாளில் வேறு போன் வந்தது, எலிக்காய்ச்சல், பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று. நானும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது அவள் குடியிருந்த வீட்டுக்காரம்மா வெளியே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"ஏனுங் கண்ணு, நீதான் தங்கச்சியா? உன்னையப் பத்தித்தான் பேசிட்டே இருக்குமுங்க."

பிறகு, ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார்: "எங்கூட்டுல நாலு மாடு நிக்குதுங்க. வேலைக்குப் போறதுக்கு முன்னால வந்து ஒவ்வொண்ணையும் அமுக்கிப் பாத்துட்டுத்தானுங்க போகும். 'அக்கா, இதுக்குப் போதுமுங்க, இதுக்கு இன்னொரு கை சேத்து வைங்க'ன்னு சொல்லும். அந்தப் புள்ள சொன்னா டாக்டர் சொன்னாப்பலதானுங்க. அக்கம்பக்கத்துல செனை மாடுன்னா இதத்தான் வந்து கூட்டிட்டுப் போவாங்க."

அம்மா அந்தம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாரைப் பற்றியோ பேசுகிறார் என்று நினைத்தாளோ என்னவோ. 

உள்ளே ஐந்து நிமிஷம் விட்டார்கள். வாயில் குழாய். கண் மூடியிருந்தது. நான் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "சகாயக்கா, செவலைக்கு நாந்தான் ஊட்டினேன். ஒனக்குத் தெரியும்ல? தெரியும்னு கையயாச்சும் அசை" என்றேன். அசைக்கவில்லை. இன்னொரு தடவை சொல்லலாம் என்று வாயெடுத்தேன், நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றார். வெளியே வந்துவிட்டேன். விடிந்தபோது அக்கா இல்லை.

அடக்கத்தில் அத்தை சொன்னது உங்களுக்கு முதலிலேயே சொன்னேன். அதற்குப் பிறகு மூன்று வாரம் பொறுத்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா சொன்னது, சாக்கு, பலாச்சுளை, வயசான டாக்டர் சொன்னது, அக்கா மாற்றிச் சொன்னது. அவர் சட்டை பட்டனைக் கழற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார்.

"அப்ப கூடிப் போச்சுன்னா, வேணாம்னு அர்த்தமா?"

"ஆமாப்பா."

"நான் அடிச்சேன்ல."

"ஆமாப்பா."

கழற்றிய பட்டனைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "இத வெளிய சொல்லாதத்தா. இனிமே சொல்லி அவளுக்கு என்ன ஆகப்போகுது" என்றார். கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி சொன்னார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வயசாகிவிட்டது. அவர் சொல்லுக்கு நான் கட்டுப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை யாரிடமும் சொல்லாமல் இருந்து பார்த்துவிட்டேன். அப்பாவை நீங்கள் ஒன்றும் கேட்க வேண்டாம். அத்தையையும் கேட்க வேண்டாம், அவள் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னாள்.

வருகிற சனிக்கிழமை காலை நம் கோயிலில் முப்பதாம் நாள் பூசை. வர முடிந்தவர்கள் வாருங்கள். முடியாதவர்கள் இருக்கிற இடத்திலிருந்து, வேலைக்குப் போகிற வழியில், ஒரு நிமிஷம் நில்லுங்கள். மாட்டு விஷயத்தில் அவளை மன்னிக்கும்படி ஆண்டவரிடம் கேட்காதீர்கள், அதில் மன்னிக்க ஒன்றுமில்லை. என் அக்கா சகாயமேரி, இருபத்தொன்பது வயசு, நிம்மதியாக இளைப்பாற வேண்டும் என்று மட்டும் எல்லாரும் அவளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.